பெங்களூரு சீட்டு யாருக்கு?

ஷ்ஷ்… மெதுவாக வாருங்கள். செருப்பை அந்தப் பக்கம் கழற்றிவிட்டு, ஜமக்காளத்தின் ஓரமாக வந்து உட்காருங்கள். நடுவில் விரித்திருக்கும் சார்ட் பேப்பரை மட்டும் மிதித்துவிடாதீர்கள். மிதித்தால் கோவா அணியின் நடுக்களம் அழிந்துபோகும், அப்புறம் கேஷியர் சார் நம் இரண்டு பேரையும் வேலூருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்.

இது அமிர்தி. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக வந்தால் ஜவ்வாது மலை தொடங்கும் இடம். வன உயிரியல் பூங்காவுக்கு வருகிறவர்கள் மான் பார்க்கிறார்கள், முதலை பார்க்கிறார்கள், தண்ணீர் இருந்தால் அருவி வரை ஏறிப்போய்க் குளித்துவிட்டு வருகிறார்கள். நாம் பார்க்க வந்திருப்பது வேறு காட்சி. சாலையோரம் தள்ளி ஒரு புளியமரம், அதற்குக் கீழே ஒரு நடுவரும் பன்னிரண்டு பேரும். இன்று அவர்கள் இந்தியக் கால்பந்தையே பங்கு பிரிக்கப்போகிறார்கள். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அணிகளுக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் மாதிரி டிராஃப்ட்! யாரும் அழைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, எந்த அணியின் நிர்வாகத்துக்கும் இப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரியாது. எனக்கே போன வாரம்தான் தெரியும்.

உள்ளே விட இரண்டு நிபந்தனை போட்டார்கள். படம் எடுக்கக் கூடாது. பெயர் எழுதக் கூடாது. காரணம் கால்பந்து ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே இருப்பவர்களில் ஒருவர் வீட்டில் ‘ஆபீஸ் மீட்டிங்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இன்னொருவர் ஆபீஸில் ‘வீட்டில் விசேஷம்’ என்று சொல்லியிருக்கிறார். எனவே எல்லோருக்கும் தொழில்பெயர்தான். வங்கியில் வேலை பார்க்கும் கேஷியர் சார் நடுவர். பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர் ஒருவர். மருத்துவமனையில் நைட் டூட்டி முடித்துவிட்டு நேராக வந்த நர்ஸ் அக்கா. ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் பாய். ஒரு ஆட்டோ அண்ணன். மிச்சமெல்லாம் காலேஜ் பசங்களும் அவர்களுடைய சித்தப்பா, மாமாக்களும்.

எல்லோரும் சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள். இன்றைய கூத்துக்கெல்லாம் மூலகாரணம் இதுதான், போகப்போகப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு தூரம்? வேலூரிலேயே ஒரு மொட்டை மாடி கிடைக்காதா? கேட்டேன். “டவுன்ல பண்ணா எல்லாரும் போனை எடுத்துப் பார்த்துப் பார்த்துப் பேசுவானுங்க. இங்க சிக்னல் வந்து வந்து போவும். இன்னா ஞாபகம் இருக்கோ, அதை வச்சுதான் சண்டை போடணும்” என்றார் கேஷியர் சார். இரண்டு டேட்டா பேக்கேஜ் வைத்திருந்த ஒரு பையன் மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, தோல்வி முகத்தோடு வந்து உட்கார்ந்தான். விதி வேலை செய்கிறது!

ஜமக்காளத்தில் என்னவெல்லாம் கிடக்கிறது என்று ஒரு சுற்று பார்த்துவிடலாம். ஸ்கெட்ச் பேனா நான்கு, அதில் மூடி இருப்பது ஒன்றுக்குத்தான். சோழி இரண்டு, எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு ஸ்பூன், இதுதான் மணி. பிரியாணி அண்டா ஒன்று, வெள்ளைத் துணி கட்டி, ஆளுக்கு ஆள் கண் வைத்தபடி. அதன் பக்கத்தில் தூக்குவாளியில் கத்தரிக்காய். பிறகு, இந்தக் கூட்டத்தின் புதையல்: அட்டை கிழிந்த ஒரு நீளநோட்டு.

அந்த நோட்டைக் கேஷியர் சார் சும்மா தரமாட்டார். கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன். 2017 ஜூலை 23 அன்று மும்பையில் நடந்த உண்மையான டிராஃப்ட்டை டி.வி. முன்னால் உட்கார்ந்து வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறார். பத்து அணிகள், 200-க்கு மேற்பட்ட வீரர்கள். புதிதாக வந்த ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாகத் தூக்கியது அனஸ் எடத்தொடிகாவை, 1 கோடியே 10 லட்ச ரூபாய். அதே விலைக்குக் கொல்கத்தா எடுத்தது யூஜின்சன் லிங்டோவை. சென்னையின் பத்தியில் தனபால் கணேஷ் பெயருக்குக் கீழே மட்டும் இரட்டைக் கோடு. சென்னைப் பையன் அல்லவா! பக்கத்தில் முகமது ரஃபி, ஃபிரான்சிஸ் பெர்னாண்டஸ். ஒரு மூலையில் டீ கறை. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் கட்டம் கட்டி ஒரே வரி: 2018 மார்ச் 17, பெங்களூரு 2 – சென்னையின் 3. கோப்பை!

ஏலத்தில் பணம் பேசும், டிராஃப்ட்டில் வரிசை பேசும். அவ்வளவு தெரிந்தால் போதும். விலை முன்பே எழுதியாகிவிட்டது, உங்கள் முறை வரும்போது யார் மிச்சமோ அவர்களிலிருந்துதான் எடுக்க முடியும். தமிழர்களுக்கு ஐ.பி.எல். ஏலம் பழக்கம். அஸ்வினும் ஸ்ரீகாந்தும் யூடியூபில் மாதிரி ஏலம் நடத்துவதை வீட்டுக்கு வீடு பார்க்கிறார்கள். கால்பந்துக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2017-க்குப் பிறகு ஐ.எஸ்.எல்.-இல் இப்படிப் பங்கு பிரிப்பதும் இல்லை, கிளப்புகள் நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, நான் போன அந்த 2025-ஆம் வருடத்தில் லீக்கே தொங்கலில் இருந்தது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்குமான ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிக்கவில்லை, ஜூலையில் சீசனை நிறுத்தி வைத்துவிட்டார்கள். முந்தைய வருடம் செப்டம்பரில் தொடங்கிய விசில் சத்தம் அந்த வருடம் இல்லை.

“மேட்ச் இல்லைன்னா நாங்க இன்னா பண்றது? வீட்ல உக்காந்து பீர்க்கங்காய் உரிக்கிறதா?” என்றார் ஆட்டோ அண்ணன். ஆக, நடக்காத லீக்குக்கு, இல்லாத டிராஃப்ட். மணியை அடித்தாகிவிட்டது, வாருங்கள்.

முதல் காட்சி, சீட்டுக் குலுக்கல். எனக்கு இதுதான் இன்றைக்கே உச்சம். பன்னிரண்டு பேரும் சென்னையின் ரசிகர்கள் என்றேனா? இன்றைய ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்ட அணிகள் பத்து. அப்படியானால் ஒன்பது பேர் எதிரியாக உட்கார வேண்டும்! சென்னையின் நாற்காலிக்கு மட்டும் சீட்டு கிடையாது, மூன்று பேர் கொண்ட கமிட்டி: பி.டி. மாஸ்டர், நர்ஸ் அக்கா, மூன்றாம் வருட இன்ஜினீயரிங் பையன் ஒருவன். மற்ற ஒன்பது சீட்டும் பாயின் தொப்பிக்குள் போகின்றன.

பாய்க்கு மோகன் பகான். “அல்ஹம்துலில்லாஹ்!” என்றார். 2024-25-இல் ஷீல்டு, கோப்பை இரண்டையும் வென்ற அணி, சும்மாவே பெருமை. ஒரு மாமாவுக்குக் கேரளா, அவர் வாயைத் திறக்கும் முன்பே யாரோ மலையாளத்தில் வணக்கம் சொன்னார்கள். இன்னொரு பையனுக்கு மும்பை. ஒவ்வொரு சீட்டு விரியும்போதும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். பெங்களூரு இன்னும் வரவில்லை. மிச்சம் மூன்று சீட்டு… இரண்டு…

ஆட்டோ அண்ணன் பிரித்தார். பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “நான் கெளம்புறேன்பா, சவாரி இருக்குது” என்று எழுந்துவிட்டார்!

புளியமரமே குலுங்கியது. காலைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். பையன்கள் ‘பெங்களூரு அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அன்று முழுக்க அதே பெயர்தான். நர்ஸ் அக்கா மட்டும் ஒரு வாழைப்பழத்தை நீட்டி, “விடுண்ணே, ஒரு நாள்தானே” என்றார். அந்த வாழைப்பழத்தை அடுத்த நிமிடமே குரங்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனது வேறு விஷயம்.

முதல் சுற்று. டிங்! மும்பைப் பையன் யோசிக்கவே இல்லை. “லாலியன்சுவாலா சாங்தே.” கூட்டத்தில் ஒரு முனகல். ஏன் என்று உங்களுக்குத் தெரியாமல் போகலாம், காதோடு சொல்கிறேன். சாங்தே நம்மிடம் இருந்தவர். 2019-20-இல் சென்னையின் இறுதிப் போட்டி வரை போனபோது அணியில் இருந்தார். 2022-இல் மும்பைக்குப் போனார், அடுத்த சீசனிலேயே லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். இதே கதை விஷால் கைத்துக்கும். அதே அணியின் கோல்கீப்பர். கொல்கத்தா போன முதல் வருடமே தங்கக் கையுறை. அனிருத் தாப்பா இன்னும் வலிக்கிற கதை. சின்னப் பையனாக வந்து, கேப்டன் பட்டை கட்டி, 2023-இல் அவரும் மோகன் பகானுக்குப் போனார்.

மாஸ்டர் என் பக்கம் சாய்ந்து, “2020 மார்ச் 14 மேட்ச் பாத்தீங்களா சார்? கொரோனான்னு ஆளே இல்லாத ஸ்டேடியம். கோவால. 1-3 தோத்தோம். அந்த டீம்ல இருந்த புள்ளைங்கதான் இப்ப இந்தியாவுக்கே பெரிய ஆளுங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்பிய மகனைப் பற்றிப் பேசும் அப்பாவின் தொனி அது.

இரண்டாவது ஆள், அன்வர் அலி. எடுத்த மாமாவைப் பார்த்து, “அவரை எடுக்கலாம், ஆனா கூடவே ஒரு வக்கீலையும் எடுக்கணும்” என்றான் ஒரு பையன். 2024-இல் அன்வர் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போன விவகாரம் சம்மேளனம், நீதிமன்றம் என்று சுற்றியதை நினைத்துச் சிரிக்கிறார்கள். அபுயா போனார். மன்வீர் போனார். ஜிங்கன் போனார். ஆறாவது ஆளையும் எழுதியாகிவிட்டது.

ஏழாவது நாற்காலி, சென்னையின்.

இங்கே கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கமிட்டி மூன்று பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்கள், நமக்கு மட்டும் கேட்கும்.

“தாப்பா இன்னும் இருக்கான்” என்கிறார் மாஸ்டர். கண் கலங்கிவிடும்போல இருக்கிறது.

“மாஸ்டர், முதல்ல கோல்கீப்பர். கைத் இருக்காரு, குர்ப்ரீத் இருக்காரு. ரெண்டு பேரும் நம்ம கிட்ட திரும்பி வர்ற வரைக்கும் நிக்க மாட்டாங்க.” இது நர்ஸ் அக்கா.

“அக்கா, கோல்கீப்பரை யாராவது ஃபர்ஸ்ட் ரவுண்டுல எடுப்பாங்களா? சிவசக்தியை எடுக்கலாம். கண்டனூர்க்கா! நம்ம பக்கத்துப் பையன்.”

“கண்டனூர் உனக்கு எப்படிடா பக்கம்? காரைக்குடி தாண்டிப் போவணும்.”

“பெங்களூருக்கு அது பக்கமா?”

அடி விழுந்துவிட்டது. சிவசக்தி நாராயணன் அப்போது ஆடியது பெங்களூருவுக்கு. 2022-23-இல் லீக்கின் வளரும் வீரர் விருதையும் அங்கிருந்துதான் வாங்கினார். தமிழ்நாட்டுப் பையன், பக்கத்து மாநிலத்துச் சட்டை. இதைச் சொன்னதும் நர்ஸ் அக்காவே ஒரு நொடி தடுமாறினார். கேஷியர் சார் டம்ளரைத் தட்ட ஆரம்பித்தார். பத்து எண்ணுவதற்குள் சொல்லாவிட்டால் முறை போய்விடும். எட்டு… ஒன்பது…

“தாப்பா!” என்று கத்தினார் மாஸ்டர்.

கைதட்டல். விசில். இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தாப்பா அப்போது எங்கே இருந்தாரோ, அமிர்தியில் அவர் வீடு திரும்பிவிட்டார். நர்ஸ் அக்கா தன் பட்டியலில் எதையோ குறித்துக்கொண்டார், முகத்தில் சிரிப்பு இல்லை.

வரிசை திரும்பும் விதம் எளிது: முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுப்பார். ஒன்பதாவது நாற்காலி ஆட்டோ அண்ணனுக்கு. முதல் சுற்றில் அவர் சுனில் சேத்ரியை எடுத்தார், அதை யாரும் குறை சொல்லவில்லை. 40 வயதில் 2024-25-இல் 14 கோல் போட்டு, இந்திய வீரர்களில் முதலிடத்தில் நின்ற மனிதர். 2018 இறுதிப் போட்டியில் ஒன்பதாவது நிமிடத்தில் நமக்கு எதிராகக் கோல் போட்டதும் அவர்தான் என்று ஒரு குரல் நினைவுபடுத்தியது. சரி, பெங்களூரு என்றால் சேத்ரி, விடு.

இரண்டாம் சுற்றில் அவர் முறை வந்தது. எல்லோரும் அவர் ஏதாவது உப்புச்சப்பில்லாத ஆளை எடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார் என்று நினைத்தார்கள். நம்ம அண்ணன்தானே!

அவர் பனியனில் முகம் துடைத்துக்கொண்டார். “விஷால் கைத்” என்றார்.

சத்தமே இல்லை. பிறகு ஒரே சத்தம். “துரோகி!” “அண்ணே, அது எங்களுக்கு வச்சிருந்தது!” “நீ நீலச் சட்டையைக் கழட்டு முதல்ல!” கழற்றச் சொன்ன பையனுக்கு, பெங்களூருவின் சட்டையும் நீலம்தான் என்று அப்புறம்தான் உறைத்தது.

ஆட்டோ அண்ணன் கையைக் காட்டி அமைதிப்படுத்தினார். “பெங்களூரு சீட்டு கொடுத்தீங்க. நான் போவேன்னு சொன்னேன், நீங்கதான் காலைப் புடிச்சு உக்கார வச்சீங்க. இப்ப நான் பெங்களூரு. வண்டில யாரு ஏறுனாலும் அவங்க சொல்ற எடத்துலதான் எறக்கிவிடணும்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது, உண்மையாகவே! கேஷியர் சார் எழுந்து நின்று டம்ளரை மூன்று முறை அடித்தார். நர்ஸ் அக்கா மட்டும் மாஸ்டரைப் பார்த்து, இரண்டு புருவத்தையும் உயர்த்தி, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். குர்ப்ரீத்தும் அடுத்த முறையிலேயே போய்விட்டார்.

பிரியாணி இடைவேளை. அண்டாவின் துணி அவிழ்ந்ததும் இந்தியக் கால்பந்து பதினைந்து நிமிடம் நின்றுபோனது. ஆம்பூர் சீரக சம்பா, கூடவே முள்ளுக் கத்தரிக்காய். இலவம்பாடிக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வேலூர்க்காரர்கள் அதைப் பரிமாறும்போது தனிக் கம்பீரம் வந்துவிட்டது, கவனித்தீர்களா? மோகன் பகானுக்கு மட்டும் இரண்டு லெக் பீஸ் என்று புகார் எழுந்தது. “பட்ஜெட் இருக்குது, வாங்குறோம்” என்றார் பாய்.

இடைவேளையில் கைகழுவ டீக்கடைப் பக்கம் போனோம். கடைக்காரப் பெரியவர் காலையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இந்தப் பக்கம் கபடிதான் ஆட்டம், கால்பந்தெல்லாம் அவருக்கு அவ்வளவாக ஒட்டாது. ஆனால் ஏலம் என்றால் தெரியும். “தமிழ் தலைவாஸ் 2022-ல பவன் ஷெராவத்தை எடுத்துச்சே, ஞாபகம் இருக்கா? ரெண்டு கோடியே இருபத்தாறு லட்சம். நான் இதே கடைல எல்லாருக்கும் ஃப்ரீயா டீ குடுத்தேன். மொத மேட்ச், பத்து நிமிஷம் ஆகல, கால் போச்சு. சீசனே போச்சு. அந்த டீக் காசை எவன் குடுப்பான்?”

நர்ஸ் அக்கா அங்கேயே நின்றுவிட்டார். அவர் பட்டியலில் இருப்பது கோல் கணக்கே கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. யாருக்கு எப்போது எந்த முழங்கால், எவ்வளவு நாள் ஓய்வு, திரும்பி வந்த பிறகு எத்தனை போட்டி முழுதாக ஆடினார். அத்தனையும் பத்திரிகைச் செய்திகளிலிருந்து அவரே எடுத்து எழுதியது. “மைக்கேல் சூசைராஜ் தெரியுமாண்ணே? கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன். 2020 நவம்பர்ல சீசனோட முதல் மேட்ச், பதினாலாவது நிமிஷம். அவ்ளோதான், அந்த சீசன் முடிஞ்சிது. நாம இங்க பேர் எழுதறோம், அங்க ஒரு முட்டி திரும்புனா அத்தனையும் ரப்பர்” என்றார். பெரியவர் தலையாட்டினார். அக்காவின் டீக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

மாஸ்டர் பங்குக்கு ஒரு அமெரிக்கக் கதை. அங்கே நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் கால்பந்துக்கு 1936-இல் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அவர் அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஃபோம் ரப்பர் விற்கப் போய்விட்டார்! அதே நாட்டில் 2000-ஆம் ஆண்டு 199-ஆவது ஆளாக, போனால் போகட்டும் என்று எடுக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு முறை பட்டம் வென்றார். அங்கே ரசிகர்கள் மாதங்களுக்கு முன்பே மாதிரி டிராஃப்ட் போட்டு அடித்துக்கொள்வார்களாம். “அப்ப நாமளும் அமெரிக்கா லெவல்தான்” என்று சொல்லிக்கொண்டே ஏப்பம் விட்டான் மும்பைப் பையன்.

பிற்பகல். வெயில் மரத்தைத் தாண்டி வந்துவிட்டது, ஜமக்காளத்தோடு எல்லோரும் நகர்கிறார்கள். சார்ட் பேப்பரில் வியர்வை சொட்டி ஈஸ்ட் பெங்காலின் இடது பின்களம் நீலமாகக் கரைகிறது. இரண்டாம் சுற்றில் சென்னையின் எடுத்தது நந்தகுமார் சேகரை. இதில் மூன்று பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. சென்னைப் பையன், 2017-இல் டெல்லிக்குப் போய், பிறகு ஒடிசா, பிறகு ஈஸ்ட் பெங்கால் என்று சுற்றிய கால். 2023 ஆகஸ்ட் 12 அன்று டியூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒற்றைக் கோல், நாலரை வருடத் தோல்விக்குப் பிறகு ஈஸ்ட் பெங்காலுக்குக் கிடைத்த வெற்றி. அந்தக் கோலைக் காலை வளைத்து ஒரு பையன் நடித்துக்காட்டினான். புளியங்காய் ஒன்று பந்தானது. பந்து பிரியாணி அண்டாவில் விழுந்தது.

இதற்குப் பிறகுதான் சச்சரவு. மூன்றாம் சுற்று முடியப்போகிறது, சிவசக்தி இன்னும் மிச்சம்! இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள் போன பிறகும் அவரை ஒருவர்கூடத் தொடவில்லை. கேஷியர் சாருக்குச் சந்தேகம். பேனாவைக் கீழே வைத்தார்.

“யாருப்பா அவனை விட்டுவைக்கச் சொன்னது?”

எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். கேரளா மாமா மரத்தில் எறும்பு எண்ணுகிறார். விசாரித்ததில் தெரிந்தது, இடைவேளையில் இன்ஜினீயரிங் பையன் ஒவ்வொரு அணியாகப் போய், “அவரை மட்டும் விட்டுருங்க, ப்ளீஸ்” என்று கெஞ்சியிருக்கிறான். பாய் இரண்டு லெக் பீஸ் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டதும் வெளியே வந்தது. ஊழல்!

கேஷியர் சார் முகம் சிவந்துவிட்டது. முப்பது வருடம் கவுன்டரில் உட்கார்ந்தவர், ஒரு ரூபாய் குறைந்தாலும் வீட்டுக்குப் போகாதவர். “இதை விளையாட்டுன்னு நெனச்சா எல்லாரும் எந்திரிச்சுப் போங்க” என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தீர்ப்பு இப்படி வந்தது: சென்னையினின் மூன்றாம் முறை ரத்து. சிவசக்தி மீண்டும் பொதுப் பட்டியலில்.

அடுத்த முறை யாருக்கு? எட்டாவது நாற்காலி. அந்த நாற்காலியில் இருந்த சித்தப்பா பையனைப் பார்த்தார், கேஷியரைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு வேறொரு பெயரைச் சொன்னார். ஒன்பதாவது நாற்காலி. ஆட்டோ அண்ணன். எல்லோருக்கும் தெரியும் என்ன நடக்கப்போகிறது என்று.

“சிவசக்தி. ஏற்கெனவே எங்க பையன்தானே” என்றார். எங்க! காலையில் சவாரி இருக்கிறது என்று எழுந்து ஓடப்பார்த்த மனிதர்!

மிச்சச் சுற்றுகளை வேகமாகக் கடந்துவிடலாம், அவர்களும் அப்படித்தான் கடந்தார்கள். சீக்கிரம் கிளம்ப வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும். பின்களத்துக்கு ஆள் எடுக்கும்போது பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருவரையே இரண்டு அணி எழுதிவைத்து, அதைக் கண்டுபிடிக்க ஒரு சுற்று வீணானது. ஒரு பெயரை யாருக்கும் சரியாக எழுதத் தெரியாமல் ‘மிசோரம் தம்பி’ என்று போட்டுவைத்தார்கள், இப்போது அந்தத் தம்பி யார் என்று யாருக்கும் நினைவில்லை.

கடைசிச் சுற்றில் சென்னையின் பக்கம் கோல் வலை காலியாக இருந்தது. பத்து பேர் களத்தில், வாசலில் யாரும் இல்லை. பல வருடம் நம்மோடு இருந்த சமிக் மித்ரா பெயரை நர்ஸ் அக்காவே எழுதினார். எழுதிவிட்டு மாஸ்டரிடம், “நல்ல பையன்தான். ஆனா நான் காலைல சொன்னேன்” என்றார். மாஸ்டர் தாப்பா பெயர் இருந்த கட்டத்தைத் தடவிக்கொண்டே, “சொன்னேம்மா, ஆமா. ஆனா அவன் இன்னைக்கி வீட்டுக்கு வந்துட்டான்ல” என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு இந்தக் கூட்டம் புரிந்தது. நான் நினைத்துப்போனது கணக்குச் சண்டை: யார் எத்தனை கோல், யார் எவ்வளவு விலை. இவர்கள் எடுத்ததோ விட்டுப்போனவர்களை. நிபுணர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பார்கள், ஏனென்றால் அணியில் நடுக்களம் மூன்று ஆள் அதிகம், தற்காப்பு ஓட்டை. என்னைக் கேட்டால், நர்ஸ் அக்கா மட்டும்தான் உண்மையில் ஒரு கால்பந்து அணியைக் கட்டப்பார்த்தார். மற்றவர்கள் ஒரு குடும்பப் படத்தை மறுபடி எடுக்கப்பார்த்தார்கள். இரண்டில் எது நல்ல டிராஃப்ட் என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் பிரியாணி சாப்பிட்டவன்.

வாக்கெடுப்பு நடந்தது. சிறந்த அணி எது? கை தூக்கச் சொன்னார்கள். சொந்த அணிக்கு ஓட்டுப் போடக் கூடாது என்று விதி. கேஷியர் சார் எண்ணினார், நம்ப முடியாமல் மறுபடி எண்ணினார்.

பெங்களூரு. சேத்ரி, கைத், சிவசக்தி. சென்னையின் ரசிகர்களே சேர்ந்து, புளியமரத்தடியில், கையைத் தூக்கிப் பெங்களூருவை ஜெயிக்கவைத்துவிட்டார்கள்! ஆட்டோ அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். “இதை வெளிய சொல்லிடாதீங்கப்பா, ஸ்டாண்டுல என்னை உட்கார விடமாட்டானுங்க.” பரிசு, மீதி பிரியாணி முழுவதும். அதை அவர் பூங்கா வாசலில் நின்ற ஆட்டோக்காரர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்.

உங்கள் ஊரிலும் ஒரு மரமும் ஒரு சார்ட் பேப்பரும் பத்துப் பேரும் கிடைப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள், கால்பந்தோ கபடியோ, எதுவானாலும். போனை ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், நடுவராகக் கணக்கில் கறாரான ஒருவரை வையுங்கள். கால்பந்து என்றால் முதல் சுற்றிலேயே கோல்கீப்பரை எடுத்துவிடுங்கள்.